ஓரச்சுப் படகும் ஓயாச் செலவும்

பாய்மரப் படகுப் பந்தயத்தைப் பற்றித் தமிழாசிரியர்கள் படிக்கும் பகுதியில் எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். வினவுவது முறையே. மேருவிலிருந்து கிள்ளான் துறைமுகம் நெடுந்தொலைவில் இல்லை. அது ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் என்று வழங்கிய நாள்தொட்டு அங்கே மூட்டை சுமந்தும் பளு இறக்கியும் உழைத்தவருள் தமிழர் பலர். அக்கரையிலேயே அரச சிலாங்கூர் படகுச் சங்கமும் இருக்கிறது. 1990-இல் தொடங்கிய ராஜா மூடா சிலாங்கூர் அனைத்துலகப் படகுப் போட்டி அங்கிருந்துதான் புறப்பட்டுப் பங்கோர், பினாங்கு வழியாக லங்காவியை அடைகிறது. அதைக் கரையில் நின்று கண்ட நம் பிள்ளைகளே சிலர். பாய் விரித்துப் படகு ஓட்டியவரைத் தேடித்தான் காணவேண்டும். நம்மவர்க்குக் கடலில் நாட்டம் இல்லை என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. பந்தய விதிகளைப் படித்துப் பார்த்தால் வேறொரு காரணம் புலப்படுகிறது.

சொல்லைப் பற்றி முதலில் ஒன்று கூறிவிடுகிறேன். பாய்மரம் என்பது பாயைத் தாங்கி நிற்கும் மரமே. காற்றைப் பிடித்துப் படகை இழுப்பது பாய். மலாய்க்காரர் ‘லாயார்’ என்று பாயின் பெயரையே விளையாட்டுக்கும் வைத்திருக்கின்றனர். நாம் மரத்தின் பெயரை வைத்தோம். வழக்கில் ஊன்றிவிட்ட பெயரை மாற்ற வேண்டியதில்லை. ஆயினும், இவ்விளையாட்டில் செலவு மிகுதியும் பாயில்தான் ஒளிந்திருக்கிறது என்பதைப் பின்னே காணப்போகிறோம். ஆதலின் இவ்வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்வது நன்று.

ஓட்டப் பந்தயத்தில் இருவரை ஒரே கோட்டில் நிறுத்திவிட்டால் போதும். படகுப் பந்தயத்தில் ஓட்டுபவனோடு கருவியும் ஓடுகிறது. நல்ல படகு உடையவன் வென்றால் அது திறமையின் வெற்றியா, பணத்தின் வெற்றியா என்ற ஐயம் எழும். இவ்வையத்தைப் போக்க இரண்டு வழிகளைக் கண்டனர். நீளம் இவ்வளவு, எடை இவ்வளவு, பாயின் பரப்பு இவ்வளவு என்று எல்லை குறித்துவிட்டு, அதற்குள் யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என விடுவது ஒன்று. இதனை அளவு விதி எனலாம். எல்லாப் படகும் ஒரே அச்சில் வார்த்தாற்போல் இருக்கவேண்டும், உரிமம் பெற்ற ஆலையே அதைச் செய்யவேண்டும் என்பது மற்றொன்று. இதனை ஓரச்சு விதி எனலாம். இரண்டும் ஏழையைக் காப்பதற்காகவே பிறந்தவை.

சிறுவர்க்கான ‘ஆப்டிமிஸ்ட்’ படகின் கதை இதற்குச் சான்று. அமெரிக்காவில் சிறுவர்கள் சரிவில் உருட்டி ஓட்டும் பெட்டிவண்டிப் பந்தயம் பெயர்பெற்றது. அதைப்போல் நீரிலும் ஒன்று வேண்டும் என்று 1947-இல் புளோரிடாவின் கிளியர்வாட்டர் நகரில் மேஜர் கிளிஃபர்டு மெக்கே என்பவர் விரும்பினார். அவர் சொன்ன கட்டளை சிறியது: படகு ஐம்பது டாலருக்குள் முடியவேண்டும். கிளார்க் மில்ஸ் என்ற படகுத் தச்சர் நாலடிக்கு எட்டடி ஒட்டுப்பலகை இரண்டில் அடங்குமாறு அதை வரைந்தார். ஏறத்தாழ 2.3 மீட்டர் நீளம், மூக்கு மழுங்கிய பெட்டி வடிவம். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தந்தையும் மகனும் வீட்டுக் கொட்டகையில் அதைக் கட்டிவிடலாம். உலகெங்கும் அது பரவியதற்கு அந்த எளிமையே காரணம் என்பேன்.

பரவிய பின் நிகழ்ந்ததைக் காண்க. அளவு விதியில் சிறு நெகிழ்வு இருக்கும். அந்நெகிழ்வில் வேகத்தைத் தேடும் ஆலைகள் வரும். வேகமான படகு விலையேறும். கொட்டகைப் படகு பின்தங்கும். இதைத் தடுக்க 1995-இல் கண்ணாடி இழைப் படகுடலுக்கு ஓரச்சு விதி வந்தது. எல்லா ஆலையும் ஒரே வடிவத்தையே வார்க்கவேண்டும் என்றாயிற்று. படகுடலில் போட்டி அடங்கியது. அடங்கிய போட்டி பாய்க்கும், பாய்மரக் கழிக்கும், சுக்கானுக்கும் இடம் பெயர்ந்தது. பாய்க்கு அளவு மட்டுமே விதி; வெட்டும் முறையும் தைப்பவரும் பலவகை. சிறுவனின் எடைக்கு ஒரு பாய், காற்றின் வலிமைக்கு ஒரு பாய் என்று பெற்றோர் வாங்கத் தொடங்கினர். பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கான படகில் இந்நிலை.

‘லேசர்’ படகின் கதை இன்னும் கூர்மையானது. கனடிய வடிவமைப்பாளர் புரூஸ் கர்பி வரைந்த இது, 1971-இல் நியூயார்க் படகுக் காட்சியில் 695 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. ஒருவர் ஓட்டும் படகு. ஒரே பாய், 7.06 சதுர மீட்டர். கார்க் கூரைமேல் வைத்துக் கட்டி எடுத்துச் செல்லலாம். ஓரச்சு விதியை இதைப்போல் கடுமையாகக் கடைப்பிடித்த படகு வேறொன்று அரிது: ஓட்டுபவர் தம் விருப்பப்படி எதையும் செதுக்கவோ மாற்றவோ முடியாது. 1996-இல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. இரண்டு லட்சத்திற்கு மேற்பட்ட படகுகள் உருவாயின.

நடுநிலையோடு சொல்வதானால், படகின் விலை மட்டுமே குற்றவாளி அன்று. 1971-ஆம் ஆண்டின் 695 டாலர் அமெரிக்க விலைவாசியின்படி இன்று ஐயாயிரம் டாலரைத் தாண்டிவிடும். ஆகவே பழைய விலையை மட்டும் காட்டிப் பெருமூச்சு விடுவது வாதம் ஆகாது. செலவு ஓயாமல் ஒழுகும் இடம் பாய். பாலியெஸ்டர்த் துணி காற்றில் அடிபட அடிபடத் தளர்ந்து வடிவம் இழக்கும். ஒரு போட்டித் தொடரில் ஒரு பாயையே பயன்படுத்தவேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் அடுத்த தொடருக்குப் புதுப்பாய் வாங்குவதை எவ்விதியும் தடுக்கவில்லை. வசதியுள்ளவர் பெரிய போட்டிதோறும் புதுப்பாயோடு வருகிறார். மற்றவர் சென்ற ஆண்டின் பாயோடு வருகிறார். அளவுக்கோல் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்று. காற்று அப்படிப் பார்ப்பதில்லை. அதே வடிவில் வேறு தையற்காரர் தைத்த பயிற்சிப் பாய் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதை விரித்துச் சங்கத்தின் போட்டியில் ஓட முடியாது.

ஓரச்சு விதியின் உட்குறை 2019-இல் வெளிப்பட்டது. அச்சு ஒன்றென்றால் அச்சைக் காப்பவர் யார், அதன் பெயருக்கு உரியவர் யார் என்ற கேள்விகள் உடன் வரும். ஆலையைச் சோதிக்க இடந்தரவில்லை என்று கூறி, லேசர் பர்பார்மன்ஸ் என்ற நிறுவனத்தின் உரிமத்தைப் படகுக் கழகம் அவ்வாண்டு நீக்கியது. உலகின் பல பகுதிகளில் ‘லேசர்’ என்ற வணிகக்குறி அந்நிறுவனத்தின் கையில் இருந்தது. விளைவு, படகு தன் பெயரையே இழந்து, கழகத்தின் பெயரெழுத்துகளால் ‘இல்கா’ ஆயிற்று. இத்தாலி, சீனா, தாய்லாந்து முதலிய நாடுகளில் புதிய ஆலைகள் உரிமம் பெற்றன. நியாயமான, பாகுபாடற்ற முறையில் உரிமம் தரவேண்டும் என்று உலகப் பாய்மர விளையாட்டு அமைப்பு வற்புறுத்தியதும் இதற்கு ஒரு காரணம். ஐம்பதாண்டுக் காலம் வடிவத்தைக் காத்த விதியில், விலையைக் காக்க ஓர் உறுப்பும் இல்லாமற் போனது பெருங்குறை என்பதே என் கருத்து.

காற்றுப் பலகையின் நிலையோ இதனினும் இரங்கத்தக்கது. ஒலிம்பிக்கில் 1996 முதல் 2004 வரை ‘மிஸ்ட்ரல்’. 2008 முதல் டோக்கியோ போட்டி வரை ‘ஆர்எஸ் எக்ஸ்’. 2024-இல் நீருக்கு மேல் எழுந்து பறக்கும் ‘ஐகியூ ஃபாயில்’. ஒவ்வொரு மாற்றமும் பார்ப்பவர்க்குப் புதுமை. ஒரு மாநிலச் சங்கம் அரும்பாடுபட்டு வாங்கி வைத்த பலகைகளோ ஒரே தீர்மானத்தால் உலகப் போட்டிக்கு உதவாப் பொருள்களாகின்றன.

தமிழர் இவ்விளையாட்டுக்கு அயலார் அல்லர். தொண்டி, நம்புதாளை முதலிய இராமநாதபுரக் கடலோர ஊர்களில் மீனவர்கள் திருவிழாவை ஒட்டிப் பாய் விரித்துப் பந்தயம் விடுகின்றனர். உரிமம் பெற்ற ஆலை எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. சென்னையைச் சேர்ந்த வருண் தக்கரும் கணபதியும் 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றனர். நேத்ரா குமணன் 2021-இல் ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் பாய்மர வீரர் ஆனார். அதற்கு அவர் ஸ்பெயினைச் சேர்ந்த கிரான் கனாரியா தீவு வரை சென்று பயில வேண்டியிருந்தது. வேலூர் விஷ்ணு சரவணன் இராணுவ வீரர். ஹாங்சோ ஆசிய விளையாட்டில், 2023-இல், அவர் வெண்கலமும், மத்தியப் பிரதேச உழவர் மகள் நேகா தாக்கூர் சிறிய பாய்ப் பிரிவில் வெள்ளியும் பெற்றனர். நேகா போபாலில் உள்ள பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தவர். இவ்விருவரையும் உருவாக்கியது தந்தையின் பணப்பை அன்று; ஒன்றில் படையும் மற்றொன்றில் பள்ளியும் கருவிக்குப் பொறுப்பேற்றன.

இங்கேதான் ஒரு முரண் கண்ணில் படுகிறது. ஒலிம்பிக்கில் லேசர்ப் படகையும் காற்றுப் பலகையையும் போட்டி நடத்துவோரே வழங்குகின்றனர். உலகின் மிகச் சிறந்தவர், மிகுந்த ஆதரவு உடையவர், வெறுங்கையோடு வந்து படகைப் பெற்றுக்கொள்கிறார். முதன்முதல் சுக்கானைப் பிடிக்கும் பத்து வயதுப் பிள்ளையோ தன் படகோடு வரவேண்டும்! உச்சியில் உள்ள வழக்கம் அடியில் இருந்திருக்கவேண்டும்.

நம் நாட்டிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. 2005-இல் கோலத் திரெங்கானுவின் பூலாவ் டூயோங்கில் தொடங்கிய மான்சூன் கோப்பைப் போட்டியில் ‘ஃபவுண்டேஷன் 36’ என்ற ஒரே வகைப் படகுகளை நடத்துவோரே வைத்திருந்தனர். உலகப் புகழ் பெற்ற தலைவர்கள் அவற்றில் மாறி மாறி ஏறி ஓடினர். ராஜா மூடா போட்டியோ அவரவர் சொந்தப் படகில் ஓடுவது. படகின் வேகத்தைக் கணக்கிட்டு நேரத்தைத் திருத்திக்கொள்வர். அதையும் குறைசொல்ல வேண்டுவதில்லை. அது வளர்ந்தவர்கள் தம் பணத்தில் ஆடும் ஆட்டம். மாணவர் போட்டிக்கு எதைப் பின்பற்றுவது என்பதே கேள்வி. திரெங்கானு வழியே தக்கது என்பது என் துணிபு.

பொதுப் படகுகள் ஒன்றுபோல் தேய்வதில்லை, ஒருவனுக்கு நல்லதும் ஒருவனுக்கு நைந்ததும் வாய்க்கும் என்பர். உண்மை. அதனால்தான் சீட்டுப் போட்டுப் படகு கொடுத்து, ஓட்டத்துக்கு ஓட்டம் மாற்றுகின்றனர். தன் படகைத் தானே பழுதுபார்த்துச் செம்மையாக்கும் பயிற்சி மாணவனுக்குக் கிட்டாது என்ற மறுப்பு இதைவிட வலியது. அதற்கு என்னிடம் முழுவிடை இல்லை. எனினும் ஏறவே முடியாத பிள்ளையைக் காட்டிலும், பொதுப்படகில் ஏறிய பிள்ளை கயிற்றையும் முடிச்சையும் கற்க வாய்ப்பு மிகுதி.

ஒரு மாவட்டத்துக்கு ஆறு ஆப்டிமிஸ்ட் படகுகள், ஒரே தையற்காரர் ஒரே நாளில் தந்த ஆறு பாய்கள், அவற்றை மாற்றும் ஆண்டு முன்கூட்டியே குறித்த விதி: இவ்வளவே தொடக்கத்திற்குப் போதும். மாவட்டப் போட்டியில் பயிற்சிப் பாயையும் ஏற்றுக்கொள்ளலாம். ஆறும் ஒன்றாய் இருப்பின் எவர்க்கும் இழப்பில்லை. உடைந்தால் யார் கொடுப்பது என்பதையும் அவ்விதியிலேயே எழுதிவிட வேண்டும். பொதுப்படகு வழங்கும் போட்டிகளில் பழுதுக்கென்று முன்பணம் கட்டச் சொல்வது வழக்கம். அம்முன்பணத்தைப் பிள்ளையின் வீட்டில் கேட்டால், வாயிற்கதவைத் திறந்துவிட்டுப் படியை எடுத்துவிட்டதாக முடியும். போட்டி நடத்துவோரே அதைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.