தணிகை அடிவாரத்துச் சட்னி

மூர் மார்க்கெட் வளாகத்தில் விடியற்காலை மின்சார ரயிலைப் பிடித்தால், வெயில் ஏறுவதற்குள் திருத்தணியில் இறங்கிவிடலாம். மலையேறி, தணிகைவேலனைக் கண்குளிரப் பார்த்து, 365 படிகளையும் இறங்கி வரும்போது முழங்கால் லேசாக நடுங்கும். வயிறு அதைவிட அவசரத்தில் இருக்கும். அந்த நேரத்துக்கென்றே அடிவாரத்தில் ஒரு தள்ளுவண்டி நிற்கிறது. தோசைக்கல்லில் கணவர், பரிமாறுவது மனைவி. கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு எவர்சில்வர் தூக்குகள். ஒன்றில் வெள்ளை வெளேரென்று தேங்காய்ச் சட்னி. மற்றதில் சந்தன நிறத்தில் வேர்க்கடலைச் சட்னி.

சென்னைப் பக்கத்து ஆட்கள் வெள்ளையைக் கேட்பார்கள். ஆந்திரப் பக்கத்து நகரி, புத்தூர், ரேணிகுண்டாவிலிருந்து வருகிறவர்கள் மற்றதை. முதல்முறை போனபோது நானும் பழக்கத்தில் வெள்ளையைத்தான் காட்டினேன். அந்த அக்கா காதில் விழாத மாதிரி சந்தன நிறத்தில் ஒரு கரண்டி ஊற்றிவிட்டு, "இத மொதல்ல தொட்டுப் பாருங்கண்ணா. அப்புறமும் அதுதான் வேணும்னா தர்றேன்" என்றார். வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் வேண்டியிருக்கவில்லை.

ஓர் ஊரின் அவசரச் சாப்பாட்டை ருசி பார்க்கவேண்டுமென்றால் தொட்டுக்கொள்ள என்ன தருகிறார்கள் என்று பார்க்கவேண்டும் என்பது என் கட்சி. மாவும் எண்ணெயும் உப்பும் உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துகொள்கின்றன. 1949இல் பெர்லினில் ஹெர்டா ஹாய்வர் என்ற பெண்மணி, ஜெர்மானியர்கள் தலைமுறை தலைமுறையாகத் தின்றுவந்த அதே வறுத்த தொத்திறைச்சியின் மேல் தக்காளிக் குழம்பையும் கறிப்பொடியையும் சேர்த்தார். அன்றிலிருந்து அது பெர்லின்காரர்களின் சொந்தப் பண்டம் ஆகிவிட்டது. ஜப்பானின் மாஸ் பர்கர் நிறுவனம் 1973இல் அமெரிக்க ரொட்டிக்குள் சோயாவும் சர்க்கரையும் சுண்டிய தெரியாக்கிக் குழம்பைத் தடவியபோதும் நடந்தது அதுதான். பிலிப்பைன்ஸின் ஜாலிபீ கடைகளில் இத்தாலிய ஸ்பாகெட்டிக்கு ஊற்றும் குழம்பு தித்திக்கும். அந்தத் தித்திப்பு இல்லாவிட்டால் மணிலாக் குழந்தைகள் தட்டைத் தள்ளிவிடுவார்கள். பண்டம் விருந்தாளியாக வரலாம். பக்கத்தில் ஊற்றுகிற அந்த ஒரு கரண்டி உள்ளூராக இருந்தால் விருந்தாளியும் வீட்டு மனுஷர் ஆகிவிடுகிறார்.

சட்னிக்கு வருகிறேன். வழக்கமான நாட்களில் வீட்டிலேயே அரைத்துக் கொண்டுவந்துவிடுவார்கள். விசேஷ நாட்களில் கூட்டம் தாங்காது. இரண்டாம் தரம், மூன்றாம் தரம் வண்டிக்குப் பின்னாலேயே வறுத்து, பக்கத்துக் கடையில் மிக்ஸியைச் செருகி அரைப்பார் அக்கா. அப்படி நின்று பார்த்துத்தான் இந்த வேலையின் நுணுக்கம் எனக்குப் புரிந்தது.

இரும்பு வாணலி, எண்ணெய் கிடையாது, சிறு தீ. கை நிற்கவே கூடாது. முதலில் பச்சைப் பயறு போல ஒரு வாடை வரும். அது மாறி நெஞ்சை நிறைக்கிற வாசனையாகும்போது தோல் சடசடவென்று வெடிக்கத் தொடங்கும். ஒரு கடலையை எடுத்து, ஊதி, இரண்டாக உடைத்துப் பார்ப்பார். உட்பக்கம் இன்னும் பால்வெள்ளையாக, தொட்டால் மெத்தென்று இருந்தால் வேகவில்லை. பழுப்பு தட்டியிருந்தால் அந்த ஈடு போச்சு, அந்தக் கசப்பை எந்தப் புளியாலும் மறைக்க முடியாது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு நிமிஷம், அதற்கும் குறைவு. அந்த இடத்தில் வாணலியை இறக்கி முறத்தில் கொட்டி ஆறவிடுவார். உள்ளங்கையால் தேய்த்துப் புடைத்தால் செந்தோல் காற்றில் பறக்கும். முழுக்கப் போக விடமாட்டார். கொஞ்சம் தோல் தங்கினால்தான் அந்த நிறமும், ஓரத்தில் ஒரு துவர்ப்பும் கிடைக்கும்.

அதே வாணலியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் காம்பு கிள்ளிய பச்சைமிளகாய், தோலில் வெள்ளைக் கொப்புளம் விழும்வரை. பூண்டு மட்டும் பச்சையாக. ஊறிய புளி, கல்லுப்பு. இனி அரைப்பது. வேர்க்கடலையின் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய்தான். மிக்ஸியை விடாமல் ஓட்டினால் சூடேறி எண்ணெய் பிரிந்துவிடும், சட்னி பசையாகி மேலண்ணத்தில் ஒட்டும். அதனால் விட்டு விட்டு ஓட்டுகிறார். முதலில் தண்ணீர் இல்லாமல் இரண்டு சுற்று, பிறகு குளிர்ந்த தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக. விரலுக்கிடையில் தேய்த்தால் ரவையின் சாயல் கொஞ்சம் தெரியவேண்டும். அந்த இடத்தில் நிறுத்துகிறார். மேலே கடுகு, கறிவேப்பிலை, கிள்ளிய வரமிளகாய்த் தாளிப்பு.

நாக்கில் முதலில் தெரிவது உப்பும் புளியும். மெல்ல மெல்லக் கடலையின் தித்திப்பு பரவும். காரம் இதெல்லாம் முடிந்து, விழுங்கிய பிறகு, தொண்டையில் வந்து நிற்கும். மிளகாயின் காரம் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. கடலைக் கொழுப்பு அதை உள்ளே பிடித்துவைத்து நிதானமாக வெளியே விடுகிறது. அடுத்த விள்ளல் தோசையை எடுக்கச் சொல்வது அந்தத் தாமதம்தான். கடலைக்குப் பதிலாகப் பாதி பொட்டுக்கடலையைப் போட்டு அரைத்துவிடுகிற கடைகளும் உண்டு. பொட்டுக்கடலைக்குத் தனி மரியாதை உண்டு, அதை வேறு இடத்தில் சொல்கிறேன். ஆனால் இந்தச் சட்னியில் அது சேர்ந்தால் தித்திப்பு மாவாகிவிடும், காரம் முன்னாலேயே வந்துவிடும். ஒருமுறை தொட்டாலே கண்டுபிடித்துவிடலாம்.

தேங்காய்ச் சட்னி பத்து மணி வெயிலில் முகம் சுளிக்கத் தொடங்கும். இது மதியம்வரை தாங்கும். ஊறி ஊறிக் கெட்டியாகும், அவ்வளவுதான். அப்போது வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் கலக்கி, புதிதாகத் தாளித்துக் கொட்டினால் மறுபடி உயிர் வந்துவிடும். திருத்தணியின் வெயிலை அனுபவித்தவர்களுக்கு இது எத்தனை பெரிய வசதி என்பது தெரியும்.

மண்ணும் இந்தச் சட்னிக்கு ஏற்றதுதான். இங்கிருந்து மேற்கே போகப் போக மானம் பார்த்த செம்மண். சித்தூர், அனந்தப்பூர் என்று கடலைக்காட்டு வழியே போய்க்கொண்டே இருக்கலாம். 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போயிற்று. மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் மற்றவர்களும் தொடங்கிவைத்த வடக்கெல்லைப் போராட்டம் விடாமல் நடந்து, படாஸ்கர் நடுவராக இருந்து பேசி, 1960 ஏப்ரல் 1 அன்று இந்தப் பக்கம் வந்தது. ஊர் திரும்பி வந்தபோது நாக்கும் அதன் பழக்கங்களோடு வந்தது. நகரியில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்ட அந்த அக்கா, "இது எங்கம்மா ஊரு சட்னி" என்றுதான் சொல்வார்.

ஆனாலும் இதை ஆந்திரச் சட்னி என்று எழுதிவைக்க எனக்குத் தயக்கம் உண்டு. ராயலசீமாவின் கடலைக் காடுகளில் பல பத்தாண்டுகள் கொடிகட்டிப் பறந்த ரகம் டி.எம்.வி. 2. அந்த மூன்றெழுத்து திண்டிவனத்தைக் குறிக்கும். அங்கிருந்த ஆராய்ச்சிப் பண்ணை 1940இல் வெளியிட்ட ரகம் அது. அதைத் தேர்ந்தெடுத்தது குடியாத்தம் கொத்துக்கடலை என்ற உள்ளூர் ரகத்திலிருந்து. குடியாத்தத்து விதை அனந்தப்பூர் போய், அங்கே சட்னியாகி, நகரி வழியாகத் திருத்தணி அடிவாரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

இன்னும் பின்னால் போனால் கடலையும் இந்த ஊர்க்காரர் இல்லை. தென் அமெரிக்காவில் பிறந்தது. வடதமிழ்நாட்டில் அதை மணிலாக்கொட்டை என்கிறோம், வாய் தேய்ந்து மல்லாட்டை. ஸ்பானியக் கப்பல்கள் மெக்சிகோவுக்கும் மணிலாவுக்கும் இடையே இருநூற்றைம்பது ஆண்டுகள் போய்வந்த கதை அந்தப் பெயருக்குள் இருக்கிறது. மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்ததுதான். பிறந்த வீட்டில் அடுத்தடுத்து வளர்ந்த இரண்டும் எங்கே சந்தித்தாலும் ஒட்டிக்கொண்டன. மெக்சிகோவின் வேராக்ரூஸில் வரமிளகாயையும் வேர்க்கடலையையும் எண்ணெயில் வறுத்து அரைத்த சல்சா மாச்சாவை எதன்மேலும் ஊற்றிக்கொள்கிறார்கள். நைஜீரியாவில் அந்தி சாய்ந்ததும் தெருவோரக் கரிநெருப்பில் ஹவுசா மக்கள் சுடும் சுயா இறைச்சிக்கு மேலே தூவுவது, எண்ணெய் எடுத்த கடலைப் பிண்ணாக்கும் இஞ்சியும் மிளகாயும் சேர்த்து இடித்த யாஜிப் பொடி. ஜாவாவில் சாத்தே குச்சிகளுக்குக் கடலைக் குழம்பு. அங்கே புளியோடு பனைவெல்லமும் சேரும். நாலு இடத்திலும் நாலு கிண்ணம் வைத்து, கண்ணைக் கட்டிக்கொண்டு தொட்டுப் பார்த்தாலும் எது எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். எண்ணெய் மிதந்தால் வேராக்ரூஸ், உலர்ந்து இஞ்சி ஏறினால் நைஜீரியா, வெல்லம் தட்டினால் ஜாவா. புளி முன்னே, மிளகாய் பின்னே, நடுவில் பச்சைப்பூண்டு என்றால் அது நம் பக்கம்.

சாயங்காலம் ஆனால் திருத்தணியிலும் வேறு வகை வண்டிகள் வெளியே வரும். சிவப்பு எழுத்தில் 'பாஸ்ட் புட்' என்று போட்டிருக்கும். பெரிய நெருப்பு, கரண்டி வாணலியில் மோதும் சத்தம், ஃப்ரைடு ரைஸ், நூடுல்ஸ், கோபி மஞ்சூரியன். அந்தக் கைவேகத்தை நான் மதிக்கிறேன். வாணலியை உதறி நெருப்பை உள்ளே இழுக்கிற வித்தை லேசில் வராது. ஆனால் அந்த வண்டிகளின் ருசியெல்லாம் மூன்று பாட்டில்களில் இருக்கிறது: சோயா, மிளகாய் சாஸ், வினிகர். அதே மூன்று பாட்டில்கள் திருநெல்வேலியிலும் இருக்கின்றன, திருப்பதியிலும் இருக்கின்றன. தட்டைக் கையில் வாங்கியவனுக்குத் தான் எந்த ஊரில் நிற்கிறோம் என்பது தெரியாது. எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது. ஒரு மாஸ்டர் அந்த நூடுல்ஸில் ஒரு கரண்டி கடலைச் சட்னியைக் கொட்டிக் கிளறிப் பார்க்கக் கூடாதா என்று ஏங்குவேன்.

அக்காவின் கணவர் அப்படிப்பட்ட ஒன்றைத் தோசையில் செய்கிறார். கார தோசை. ராயலசீமாவில் எர்ர காரம் என்பார்கள், சிவப்புக் காரம். ஊறவைத்த வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, உப்பு, எல்லாம் பச்சையாக அரைத்த விழுது. கல்லில் தண்ணீர் தெளித்து, விளக்குமாற்றுக் குச்சிக்கட்டால் துடைத்து, மாவைச் சுழற்றுகிறார். அடி வெந்து, மேல்மாவு இன்னும் ஈரமாக இருக்கையில் விழுதைத் தடவவேண்டும். அதற்கு முன்னால் தடவினால் மாவோடு கரைந்துவிடும், பிந்தினால் பச்சைவாடை போகாது. அதன்மேல் பொட்டுக்கடலைப் பொடி தூவி ஒரு சுற்று நெய். பொட்டுக்கடலைக்கான இடம் இதுதான். விழுதின் ஈரத்தைக் குடித்துக்கொண்டு, காரத்தின் முனையை மழுக்கி, தோசையின் அடி மொறுமொறுப்பைக் காப்பாற்றுகிறது. இதற்குத் தேங்காய்ச் சட்னி தொட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது, பக்கத்துத் தூக்கைக் காட்டிவிடுவேன். காரத்துக்கு மேல் காரமா என்பார்கள். ஒரு வாய் சாப்பிட்டதும் கேட்கமாட்டார்கள்.

இந்த மலையைச் சுற்றி நாக்கைப் பற்றிய கதைகள் இருப்பதும் தற்செயலாகத் தெரியவில்லை. தினைப்புனம் காத்த வள்ளி, கிழவராக வந்த முருகனுக்குக் கொடுத்தது தேனும் தினைமாவும். அடுப்பு வேண்டாம், இலை வேண்டாம், காவல் பரண்மேல் இருந்தபடி உள்ளங்கையில் பிசைந்து கொடுத்துவிடலாம். காட்டில் வேலை செய்கிறவர்களின் அவசரச் சாப்பாடு அது. அந்த வள்ளியை மணந்த இடம் இந்தத் தணிகை. முத்துசுவாமி தீட்சிதர் இங்கே தியானத்தில் இருந்தபோது ஒரு முதியவர் வந்து வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டு போட்டார் என்றும், அந்தத் தித்திப்போடு பிறந்ததுதான் அவருடைய முதல் கிருதியான 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' என்றும் சங்கீத உலகம் சொல்லிவருகிறது. மேலே தேன், கற்கண்டு, பஞ்சாமிர்தம். இறங்கி வந்தால் புளி, உப்பு, மிளகாய். இரண்டும் சேர்ந்தால்தான் எனக்குத் திருத்தணி நிறைகிறது.

போன ஆடிக் கிருத்திகைக்குப் போயிருந்தேன். படியெல்லாம் மஞ்சள் உடை, புஷ்பக் காவடி, அரோகரா. அன்றைக்கு வண்டியில் கார தோசை கிடையாது. விரதக்காரர்கள் வருவார்கள் என்பதால் வெங்காயமும் பூண்டும் வண்டிப் பக்கமே வராது. சட்னியில் பூண்டுக்குப் பதில் ஒரு துண்டு இஞ்சியும் கொஞ்சம் சீரகமும். பூண்டு விலகியதும் கடலை தன்னந்தனியாக, வறுத்த வாசனையோடு, முன்னே வந்து நிற்கிறது. வருஷத்தில் எல்லா நாளும் கிடைக்கிற சட்னியைவிட அந்த ஒருநாள் சட்னி ஒரு படி மேல் என்று எனக்குத் தோன்றியது. அக்காவிடம் சொன்னேன். "அப்படியாண்ணா? அன்னிக்கெல்லாம் நாங்க ருசி பார்க்கறதே இல்ல. சாமிக்கு வந்தவங்களுக்குன்னு கைக்கணக்குல செய்யறதுதான்" என்றார்.

மத்தியானம் தூக்கின் அடியில் கெட்டியாகிக் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. புத்தூரிலிருந்து வந்த காவடிக் கூட்டம் ஒன்று காவடியை இறக்கிவைத்துவிட்டு வந்து நின்றது. அதில் ஒரு பையன், நெற்றியில் விபூதி வியர்வையோடு வழிய, காலித் தட்டை நீட்டினான். "அக்கா, கொஞ்செம் சட்னி வெய்யக்கா."

"இருப்பா, தாளிச்சு ஊத்தறேன்" என்று தமிழில் சொல்லிவிட்டு, வெந்நீரை ஊற்றிக் கலக்கிக்கொண்டே, இன்னொரு கையால் கடுகை எடுத்து எண்ணெயில் போட்டார்.