கூலி: ஊதியமும் ஆளும்

ஆங்கில அகராதிகளில் இடம்பெற்ற தமிழ்நிலச் சொற்களில் 'கூலி' போல் பொருள் மாறியவை குறைவு. தமிழில் கூலி என்பது உழைப்புக்கு ஈடாகக் கிடைப்பது. குறள் 619 உடல் வருந்திச் செய்யும் முயற்சியின் பயனையே கூலி என்கிறது. வண்டிக்கூலி, தையற்கூலி, சுமைகூலி, ஏற்றுகூலி எல்லாம் இந்தப் பொருளில் வந்தவை. ஆளைக் குறிக்கவேண்டுமானால் தமிழ் இன்னொரு சொல்லைச் சேர்த்துக் கூலியாள், கூலிக்காரன் என்றது. ஆங்கிலமோ அந்தச் சேர்ப்பை விட்டுவிட்டு ஊதியத்தின் பெயரை ஆளுக்கு வைத்துவிட்டது. தமிழ் இலக்கண வழக்கில் இது ஆகுபெயர். வரலாற்றில் அது பல லட்சம் பேருக்கு இடப்பட்ட பெயர்.

தமிழ் அகராதிகள் இந்த வேறுபாட்டைப் பேணின. பப்ரிசியஸ் வேப்பேரியில் 1779இல் அச்சிட்ட அகராதி, வின்சுலோவின் 1862ஆம் ஆண்டு அகராதி, சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி ஆகிய மூன்றிலும் சம்பளம், வாடகை என்பதே முதன்மைப் பொருள். தானியத்தைக் குறிக்கும் 'கூலம்' என்பதிலிருந்து இச்சொல் பிறந்தது என்பாரும் உண்டு. களத்துமேட்டில் நெல்லாகவே கூலி அளந்த வழக்கத்தோடு அது ஒத்துப்போகிறது.

ஆங்கிலேயர் தொகுத்த அகராதிகள் சொல்லின் பிறப்பிடத்திலேயே கருத்து வேறுபட்டன. எச். எச். வில்சன் 1855இல் வெளியிட்ட நீதி, வருவாய்த்துறைச் சொற்களின் தொகுப்பு தமிழ், கன்னடக் 'கூலி'யையே மூலமாகக் கொண்டது. யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் வேறு முடிவுக்கு வந்தது. மேற்கிந்தியாவில் சுமை தூக்கிப் பிழைத்த கோலி என்னும் இனத்தாரின் பெயரே பொதுப்பெயராயிற்று என்பது அதன் கணிப்பு. ஸ்லாவ் இனத்தின் பெயர் ஐரோப்பிய மொழிகளில் அடிமையைக் குறிக்கும் சொல்லானதை அது ஒப்புமையாகக் காட்டியது. தமிழ்க் கூலி இந்த விளக்கத்தைக் குழப்புகிறது என்றும் அந்நூல் ஒப்புக்கொண்டது. துருக்கியிலும் திபெத்தியிலும் அடிமை அல்லது ஏவலாளைக் குறிக்கும் ஒத்த ஒலிச் சொற்களையும் அது சேர்த்துக் கொடுத்தது. வில்லியம் குரூக் திருத்திய 1903ஆம் ஆண்டுப் பதிப்பும் வழக்கைத் தீர்க்கவில்லை. இனப்பெயராகப் போர்ச்சுகீசியர் கேட்டதும், ஊதியப் பெயராகச் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயர் கேட்டதும் ஒலி ஒற்றுமையால் ஒன்றாகியிருக்கக்கூடும்.

பொருளைப் பொறுத்தவரை ஹாப்சன்-ஜாப்சன் தரும் அடுக்கு தெளிவானது. கூலிக்கு உழைப்பவர், சுமை தூக்குபவர் என்பது பொதுப்பொருள். வட இந்தியாவில் மண்ணும் செங்கல்லும் சுமக்கும் கடைநிலை ஆள் என்பது சிறப்புப்பொருள். மொரீசியஸ், ரியூனியன், மேற்கிந்தியத் தீவுகளின் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டவர் என்பது புதுப்பொருள். அவர்களில் சிலரின் நிலை அடிமைத்தனத்தை நெருங்கியது என்ற குறிப்பும் அங்கே உண்டு.

சொல்லைப் பரப்பியது இந்தப் புதுப்பொருள்தான். மொரீசியஸுக்கு ஒப்பந்தத் தொழிலாளர் 1834 முதல் சென்றனர். அவர்கள் வந்திறங்கிய துறைக்குக் கூலித்துறை என்றே பெயர் வழங்கியது. இன்று ஆப்ரவாசி காட் என்னும் அவ்விடம் 2006 முதல் உலக மரபுச் சின்னம். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் தொழில், கல்வி, மதம் எதுவானாலும் இந்தியர் எல்லாரும் 'கூலி' ஆயினர். காந்தி 'கூலி பாரிஸ்டர்' என அழைக்கப்பட்டதைச் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். சுமத்திராவின் தோட்டங்களுக்கு டச்சு அரசு 1880இல் இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே 'கூலி' ஏறியது. சீனர் அதே ஒலியைக் 'கசப்பு', 'வலிமை' என்று பொருள்படும் இரண்டு எழுத்துகளால் எழுதினர். மலாயில் அது 'குலி' ஆயிற்று. ஊதியத்துக்கு மலாய்க்காரரிடம் 'உப்பா', 'காஜி' என வேறு சொற்கள் இருந்தன.

மலாயாவில் பகாங்கின் கேமரன் மலைக்குத் தேயிலை வந்தபோது, ஒப்பந்தத் தொழிலாளரோடு பரவிய சொல்லின் இந்த வரலாறு ஏறக்குறைய முடிந்திருந்தது. வில்லியம் கேமரன் அம்மலையை 1885இல் அளந்தார். ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தை 1929இல் தொடங்கினார். பாரத் தேயிலை 1933இல் வந்தது. மலாயாவில் ஒப்பந்தமுறை 1910இல் நிறுத்தப்பட்டிருந்தது. அதற்கடுத்த வழி கங்காணி முறை. உரிமம் பெற்ற கங்காணி தன் ஊருக்குப் போய் உறவினரையும் அண்டை வீட்டாரையும் திரட்டுவார். நாகப்பட்டினம், ஆவடி முகாம்கள் வழியாக அவர்கள் கப்பலேறுவர். இந்திய அரசு 1938இல் இதற்குத் தடை விதித்தது. ஆகவே மலைத்தேயிலைக்கு இந்த வழியில் ஆள் வந்த காலம் பத்தாண்டுகூட இல்லை. நடுவில் உலகப் பொருளாதார மந்தத்தில் மலாயாவிலிருந்து இந்தியர் பலர் திருப்பி அனுப்பப்பட்டனர்.

தோட்டத்து வழக்கு 'கூலி'யை ஒரு முழுச் சொற்குடும்பத்துக்குள் வைத்திருந்தது. காலையில் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு. மேலே துரை, அலுவலகத்தில் கிராணி, மலையில் கங்காணி அல்லது மண்டோர், குடியிருப்பு லயம், கூடையில் கொழுந்து, மாத முடிவில் சம்பள நாள். இவற்றில் 'கிராணி'யும் ஹாப்சன்-ஜாப்சனில் உண்டு; அங்கே அது வங்காளத்தில் ஆங்கிலம் எழுதும் குமாஸ்தா. தோட்டத்திலோ பேரேட்டில் ஆள்வரவு பதிந்து கூலியை முடிவுசெய்பவர். கொழுந்தெடுப்பில் எடைக்குத் தக்க கூலி என்பதால், தராசடியில் அச்சொல்லின் பழைய தமிழ்ப்பொருள் நாள்தோறும் உயிரோடிருந்தது.

ஆளைக் குறித்த பொருள் மெல்ல விலகியது. மலாயா இந்தியரின் நிலையை ஆராய்ந்த சீனிவாச சாஸ்திரி 1937இல் அளித்த அறிக்கையின் தலைப்பு இந்திய 'உழைப்பு' என்றே குறித்தது. கிள்ளான் ரப்பர்த் தோட்டங்களில் 1941இல் நடந்த வேலைநிறுத்தம் கூலி உயர்வையும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் கட்டாயத்தை நீக்குவதையும் சேர்த்தே கேட்டது. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954இல் உருவானபோது 'தொழிலாளர்' என்பதே பெயராயிற்று. மலேசியத் தமிழ் ஏடுகள் 'தோட்டப் பாட்டாளி' என்பதையும் நிலைநாட்டின.

இன்று ஆங்கில அகராதிகள் ஆளைக் குறிக்கும் பொருளை இழிவழக்கு என்று குறிக்கின்றன. இந்தியாவில் அது இரயில் நிலையச் சுமைதூக்குபவரைச் சுட்டியது. இரயில்வே 2016இல் அவர்களுக்குச் 'சகாயக்' என்று பெயர் மாற்றியது. மொரீசியஸ் கவிஞர் கால் தொராபுல்லி 1992இல் அச்சொல்லையே 'கூலித்துவம்' என்ற கருத்தாக்கமாக மாற்றினார். கேமரன் மலையில் கொழுந்தெடுப்போர் பலர் இப்போது வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா நாட்டினர். அவர்களுக்குரிய சட்டச் சொல் அந்நியத் தொழிலாளர். தமிழில் மட்டும் கூலி பழைய பொருளில் இன்றும் குறையின்றி வழங்குகிறது: அது கேட்டுப் பெறவேண்டிய ஒன்று.