மகனுக்குத் தனிக்கணக்கு: வீட்டுக் கணினியில் ஒரு பரிசோதனை

எங்கள் திருக்கோவில் ஊரில் வீட்டுக் கணினி என்பது ஒருவருக்கு மட்டும் உரிய பொருள் அல்ல. அம்மா தவணைப் பரீட்சைக்காகப் பாமினி எழுத்துருவில் தட்டிய வினாத்தாள், அப்பாவின் இணைய வங்கி, அக்காவின் சாதாரண தரப் பாடக் குறிப்புகள், தம்பியின் விளையாட்டு எல்லாம் ஒரே பெட்டிக்குள் கிடக்கும். பெரும்பாலும் ஒரே பாவனையாளர் கணக்குக்குள்ளேயே கிடக்கும். அது நிர்வாகி உரிமையுள்ள கணக்கு, கடவுச்சொல்லும் இராது. 2022இல் இலங்கை ரூபாய் சரிந்தபிறகு பிள்ளைக்கென்று இன்னொரு கணினி வாங்குவது பல குடும்பங்களுக்கு எட்டாத காரியமாகிவிட்டது. இருப்பதைத்தான் பிரித்துப் பாவிக்க வேண்டும்.

அதற்கு விண்டோஸ் இலவசமாகத் தரும் வழி, நிர்வாகி உரிமை இல்லாத 'ஸ்டான்டர்ட்' கணக்கு. கொழும்பில் ஏதோ அலுவலகத்தில் உழைத்து முடித்து இங்கு வந்து சேர்ந்த ஒரு விண்டோஸ் 10 டெஸ்க்டொப்பில் அதை அமைத்து, பிள்ளைகள் விரும்பும் விளையாட்டுகளை ஓட்டிப் பார்த்தேன். கணக்கைத் திறப்பது ஐந்து நிமிட வேலை. செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், அங்கே பிற பாவனையாளர்கள் பகுதி, அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன் உங்கள் நிர்வாகிக் கணக்குக்குக் கடவுச்சொல் வையுங்கள். அது வெறுமையாக இருந்தால் அனுமதி கேட்கும் பெட்டியில் பிள்ளை 'யெஸ்' என்று அழுத்தினாலே போதும், கதவு திறந்துவிடும்.

ரோப்லொக்ஸ் எந்த அனுமதியும் கேட்கவில்லை. அது பிள்ளையின் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே தன்னை நிறுவிக்கொள்கிறது. ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடை, நிறுவும்போது மட்டும் கடவுச்சொல் கேட்கிறது. அதன்பின் விளையாட்டுகளை இறக்குவதையும் புதுப்பிப்பதையும் அதன் பின்னணிச் சேவை பார்த்துக்கொள்ளும். இக்காலத்து விளையாட்டுகளில் பெரும்பகுதிக்கு இந்தக் கணக்கு தாராளமாகப் போதும்.

தகராறு பழைய விளையாட்டுகளில்தான். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் எல்லோரும் நிர்வாகிகளாகவே இருந்ததால், அன்றைய விளையாட்டுகள் பல 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறைக்குள்ளேயே தங்கள் சேமிப்பையும் எழுதிவைத்தன. 2007இல் பொதுமக்களுக்கு வந்த விஸ்டா அந்த இடத்தைப் பூட்டியது. ஆனாலும் பழைய நிரல்கள் முறியாதிருக்க, அவை எழுதுவதை 'வேர்ச்சுவல் ஸ்டோர்' என்ற தனி இடத்துக்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டையும் செய்தது. அது கணக்குக்குக் கணக்கு வேறு. அப்பாவின் கணக்கில் பாதி வரை முடித்த விளையாட்டு மகனின் கணக்கில் முதல் கட்டத்திலிருந்து தொடங்கினால் பயப்பட வேண்டாம், பழையது அழியவில்லை. இந்தத் திருப்பம் கைகொடுக்காத விளையாட்டுக்கு எளிய மருந்து, சி டிரைவில் நேரடியாக 'கேம்ஸ்' என்றொரு கோப்புறை திறந்து அதற்குள் நிறுவுவது. அங்கே சாதாரணக் கணக்குக்கும் எழுத இடமுண்டு.

இனி நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் இடம். ஏதோ ஒரு விளையாட்டு ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கிறது. "பாஸ்வேர்ட ஒருக்கா அடிச்சு விடுங்கப்பா" என்று பிள்ளை கூப்பிடுகிறான். சமையலறையிலிருந்தோ முற்றத்திலிருந்தோ வந்து தட்டிவிட்டுப் போகிறோம். அந்த நொடியில் அந்த விளையாட்டு மகனின் பெயரில் ஓடவில்லை, உங்கள் பெயரில் ஓடுகிறது. உங்கள் கோப்புகளும் உலாவியில் நீங்கள் விட்டுவைத்த உள்நுழைவுகளும் அதன் கைக்கு எட்டும் தூரத்தில் வந்துவிடுகின்றன. சேமிப்புகூட உங்கள் 'டொகியுமென்ட்ஸ்' கோப்புறையில்தான் போய் விழும். நிறுவும்போது ஒருமுறை கடவுச்சொல் தரலாம். தினமும் விளையாடுவதற்குத் தரக்கூடாது. நிறுவல் முடிந்ததும் 'இப்போதே திற' என்று கேட்கும் பெட்டியில் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள், அதுவும் உங்கள் பெயரிலேயே திறக்கக்கூடும். கடவுச்சொல்லைக் கணினியிலேயே சேமித்து வைத்துக்கொள்ளும் குறுக்கு வழி ஒன்றைச் சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். வேண்டவே வேண்டாம்; அதைக் கொண்டு பிள்ளை எந்த நிரலையும் நிர்வாகியாக ஓட்டிவிட முடியும்.

பென் டிரைவில் கைமாறி வரும் உடைத்த விளையாட்டுகளைப் பற்றி ஒரு தகவல். 2021இல் அவாஸ்ட் நிறுவனம் 'கிராக்கனோஷ்' என்ற தீநிரலை வெளிப்படுத்தியது. ஜிடிஏ 5 போன்றவற்றின் உடைத்த பதிப்புகளுக்குள் ஒளிந்து வந்து, கணினியைப் பாதுகாப்பு முறையில் மறுதொடக்கம் செய்யவைத்து, வைரஸ் காப்பை அழித்துவிட்டு, மொனேரோ என்ற மின்நாணயத்தைத் தோண்டியது. 222,000க்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. அத்தகைய வேலைக்கு நிர்வாகி உரிமை வேண்டும். அதைக் கொடுப்பது, நிறுவும்போது கடவுச்சொல் தட்டும் நம் விரல்தான்.

ஆனால் இந்தக் கணக்கு எல்லாவற்றையும் தடுக்கும் என்று நான் சொல்லமாட்டேன். 2023 ஜூனில் மைன்கிராஃப்டுக்கான 'மொட்' எனும் கூடுதல் நிரல்கள் சிலவற்றில் புகுந்த 'ஃபிராக்சரைசர்', உலாவிக் குக்கிகளையும் டிஸ்கோர்ட், மைன்கிராஃப்ட் உள்நுழைவுகளையும் திருடியது. அதற்கு நிர்வாகி உரிமை தேவைப்படவில்லை. மகனின் கணக்கில் அப்படியொன்று ஓடினால் மகனுடையவை போகும். அம்மாவின் வினாத்தாளும் அப்பாவின் வங்கியும் வேறு கணக்கில் தப்பிக்கும். அந்த வேறுபாட்டுக்காகவே இதை அமைக்கலாம். அப்பாவின் கணக்கைத் திறந்தபடி விட்டு எழுந்து போனால் மட்டும் அந்தப் பயனும் இல்லை.

வெலோரண்ட் விளையாட்டை நான் இந்தக் கணினியில் நிறுவவில்லை. அதன் 'வான்கார்ட்' ஏமாற்றுத் தடுப்பு, இயங்குதளத்தின் ஆழத்தில் அமர்ந்து கணினி தொடங்கும்போதே எழுந்துவிடுகிறது. ஏமாற்றுக்காரரைப் பிடிக்க அது நியாயமான வழியாக இருக்கலாம். வங்கி வேலை நடக்கும் பொதுக் கணினியில், வீட்டில் எவருமே விளையாடாத நேரத்திலும் அது விழித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மூத்த பிள்ளை அடம்பிடித்தால், வங்கி வேலையைக் கைபேசிக்கு மாற்றிவிட்டு நிறுவுங்கள்.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. இப்படிப்பட்ட பழைய டெஸ்க்டொப்புகள் பலவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்பில் சேர்ந்துகொள்ளுங்கள். அது சாதாரணப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் வரை கிடைக்கிறது. மகனின் கணக்கை அதில் சேரும்வரை தள்ளிப்போட வேண்டாம், இன்றைக்கே திறந்துவிடலாம்.