அலகும் அழகும்

பெரியதைக் கண்டு வியத்தல் எளிது. அப்பெருமை எச்சிற்றலகால் ஆயது என ஆராய்தலே திறனாய்வு. கலை, இயற்கை, அறிவியல் மூன்றுக்கும் இவ்வாய்வு பொதுவாம்.

தெற்கு அந்தமானின் வண்டூர், 1983ஆம் ஆண்டு அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் வாயிலாகும். அங்குள்ள பவளப்பாறைகளை எழுப்பியவை, பெரும்பாலும் சில மில்லிமீட்டரே அகலமுள்ள உயிரிகள். கற்பவள உயிரியின் உணர்கொம்புகள் ஆறன் மடங்காக அமைவன. ஒவ்வொன்றும் தனக்கெனச் சுண்ணக் கிண்ணம் ஒன்றைச் சமைக்கிறது. கிண்ணங்கள் கூடிப் பாறையாகின்றன.

நம் யாப்பும் இவ்வாறே. எழுத்து அசையாகி, அசை சீராகி, சீர் தளையால் பிணைந்து அடியாகிறது. குறள் வெண்பாவின் முதலடி நாற்சீர், ஈற்றடி முச்சீர். கனிச்சீருக்கு அங்கு இடமில்லை. நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றாலேயே பாட்டு முடியும்.

சிற்பியரின் அங்குலமோ இன்னும் நுட்பமானது. அஃது ஆங்கில அளவுகோலின் அங்குலம் அன்று. உத்தம தசதாலப் படிமத்தின் உயரத்தை 124 கூறாக்கினால், ஒரு கூறே அப்படிமத்தின் அங்குலம். படிமம் சிறியதாயினும் பெரியதாயினும் பொருத்தம் குலையாது; அலகு உருவத்தினுள்ளேயே பிறக்கிறது.

இவ்வுரைகல்லில், கணபதி ஸ்தபதி அமைத்து 2000 சனவரி 1 அன்று திறக்கப்பெற்ற குமரிமுனை வள்ளுவர் சிலையை வைத்து நோக்குவோம். பீடம் 38 அடி, சிலை 95 அடி, ஆக 133 அடி. அறத்துப்பால் 38 அதிகாரம். பொருளும் இன்பமும் சேர்ந்து 95. இவ்வொப்புமையையே பலரும் போற்றுகின்றனர். ஆயினும், மீட்டரால் அளந்தால் இவ்வெண்கள் மறைந்துவிடும். மறையாதது எது? 38க்கும் 95க்கும் உள்ள விகிதம், இரண்டுக்கு ஐந்து. எக்கோலால் அளப்பினும் பீடம் இரு கூறு, சிலை ஐங்கூறு. அறத்தின்மேல் ஏனைய இரண்டும் நிற்கும் கருத்தை விளங்கச் செய்வது இவ்விகிதமே. கூறுகள் ஏழாதலால் குறளின் எழுசீரோடு இதனை இணைக்க ஆசை எழலாம். குறள் நான்கும் மூன்றுமாகப் பிரிவது. சிலை இரண்டும் ஐந்துமாகப் பிரிவது. ஆதலின் அவ்வாசையை அடக்குதலே நேர்மை. எண்ணின் ஒப்புமை வேறு, ஆக்கும் அளவு வேறு.

2010ஆம் ஆண்டு அந்தமான் கடல் வெம்மையுற்றபோது பவளப்பாறைகள் பெருமளவில் வெளுத்தன. பாறை உடையவில்லை, உயிரிகள் தம்முள் வாழும் நுண்பாசியை இழந்தன. மொழிக்கும் இவ்விடர் உண்டு. தீவிலுள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு 133 என்னும் எண்ணை மட்டும் கற்பித்து, ஒரு குறளைச் சீர்பிரித்து ஓதக் கற்பியாது விடுவோமாயின், சிலை நிற்கும், வெண்பா வெளுக்கும். அலகைப் பேணுதலே நம் கடன்.