வழக்குரையும் வாடகை ஊர்தியும்

தம்பிலுவில் கண்ணகையம்மன் ஆலயத்தில் வைகாசிச் சடங்கு நிகழுங் காலத்துக் கண்ணகி வழக்குரை படிக்கப்பெறும். கீழ்க்கரையின் ஏனைக் கண்ணகி கோயில்களிலும் இவ்வழக்கம் உண்டு. ஏட்டுப் பிரதிகளாக வழங்கிவந்த இந்நூலைப் பண்டிதர் வி. சீ. கந்தையா 1968இற் பதிப்பித்தார். அதன்பின் இந்நூலை நோக்கியோர் பெரும்பாலும் சிலப்பதிகாரத்தோடு ஒப்பிடுதல், சடங்கோடு பொருத்திக் காணுதல் என்னும் இரு வழிகளிலேயே சென்றனர். நூலின் பெயரிலேயே நிற்கும் ‘வழக்கு’ என்னுஞ் சொல்லை அதன் நேர்ப்பொருளிற் கொண்டு, இஃது எத்தகைய வழக்கு, யார்மீது தொடுக்கப்பட்டது என்று வினவியோர் அரியர்.

அவ்வினா இன்று மீண்டும் எழுதற்குக் காரணம் உண்டு. கைபேசியால் அழைத்த வாடகை ஊர்தியில் ஏறிய பெண் ஓட்டுநரின் பாலியல் வன்முறைக்கு ஆளாயின், அவனுக்குரிய தண்டனை ஒருபுறமிருக்க, அவளுக்குரிய பரிகாரம் யாது, அதனை யாரிடங் கேட்பது என்னுஞ் சிக்கல் பல நாட்டு நீதிமன்றங்களின் முன் வந்துள்ளது. வழக்குரையின் உட்கிடையும் அதுவே: பல கைகள் சேர்ந்து இழைத்த தீங்குக்கு விடையிறுக்க வேண்டியவர் யார்?

தேவியின் சிலம்பைக் கவர்ந்து பழியைக் கோவலன்மேற் சுமத்தியவன் பொற்கொல்லன். வாளெடுத்தவன் காவலன். இவ்விருவரையும் விடுத்துக் கண்ணகி அரண்மனை வாயிலுக்கே செல்கிறாள். அரசன் களவு செய்தவனல்லன். தன் கையால் வெட்டியவனுமல்லன். அவன்பால் உள்ள தவறு ஆராயாமை. பொற்கொல்லன் கூறினான், நம்பினேன் என்று ஒதுங்குதற்கு அவனுக்கு இடமிருந்தும் அவன் ஒதுங்கவில்லை. இங்கே இருவகைப் பொறுப்புகள் ஒன்றன்மேலொன்றாகக் கிடக்கின்றன. ஏவலாளன் செய்தமைக்குத் தலைவன் விடையிறுப்பது ஒன்று. தானே ஆராயாது விட்டமைக்கு விடையிறுப்பது மற்றொன்று. இவ்வேறுபாடு வெறும் நுணுக்கமன்று. நட்டஈட்டின் அளவையே அது மாற்றிவிடும் என்பது பின்னர்ப் புலனாகும்.

அக்கரைப்பற்றிலோ தம்பிலுவிலிலோ தரிப்பிடத்தில் நிற்கும் முச்சக்கர வண்டியில் ஏறும் பெண், பெரும்பாலும் ஓட்டுபவனின் ஊரை அறிவாள். சிலபோது குடியையும் அறிவாள். தாய்வழிக் குடிமுறை தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாய் வழங்கும் இக்கரையில் அவ்வறிதல் ஒருவகைக் காவல். (அக்காவல் எப்பொழுதுங் காத்தது என்று கொள்ளற்க.) அதே பெண் படிப்பு நிமித்தமோ தொழில் நிமித்தமோ கொழும்பு சென்று, இரவில் ஊர்தி ஒன்றை அழைக்கும்போது, அறிதல் இருந்த இடத்தில் நிறுவனம் வந்து நிற்கின்றது. பிக்மீ, ஊபர் ஆகிய இரண்டும் 2015இல் அங்குச் சேவை தொடங்கியவை. ஓட்டுநரின் படம், வண்டியின் இலக்கம், முன்னர்ப் பயணித்தோர் இட்ட மதிப்பெண் ஆகியவற்றைக் காட்டி நம்பிக்கையைத் தருவது நிறுவனம். கட்டணத்தைக் கணிப்பதும் ஓட்டுநரைச் சேர்ப்பதும் நீக்குவதும் அதுவே. தீங்கு நேர்ந்தபின் மட்டும், தாம் இருவரை இணைக்கும் மென்பொருள் தருவோரேயன்றிப் போக்குவரத்து நடத்துவோர் அல்லர், ஓட்டுநர் தம் ஊழியர் அல்லர் என்னும் வாதம் இத்துறை நிறுவனங்களால் நாடுதோறும் எடுத்துரைக்கப்பட்டுள்ளது. பாண்டியன் கூற மறுத்த விடை அது.

இவ்வாதம் யாங்கணும் நிலைபெற்றதன்று. ஊபர் நடத்துவது போக்குவரத்துச் சேவையே என ஐரோப்பிய நீதிமன்றம் 2017 டிசம்பரிற் கூறியது. ஓட்டுநர்கள் தொழிலாளர் உரிமைகளுக்கு உரியோர் என ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்த்தது. எனினும், சேவைகளை ஒழுங்குபடுத்துதற்கும் ஊதிய உரிமைக்கும் எனப் பிறந்த இத்தீர்ப்புகளைப் பயணியின் நட்டஈட்டு வழக்குக்கு அப்படியே பெயர்த்து நடுதல் பொருந்தாது.

இலங்கையில் இத்தகைய கொடுமை பற்றிப் பேசுவோர் பொலிஸ் முறைப்பாட்டோடு நின்றுவிடுவர். குற்றவியல் வழக்கை நடத்துவது அரசு. பாதிக்கப்பட்டவள் அதிற் சாட்சி. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 364ஆம் பிரிவு, வன்புணர்வுக்கு 7 ஆண்டுக்குக் குறையாததும் 20 ஆண்டுக்கு மேற்படாததுமான சிறையோடு, பாதிக்கப்பட்டவளுக்கு நட்டஈடு செலுத்துமாறு பணித்தலையும் நீதிமன்றத்தின் கடமையாக்கியது. 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் குற்றத்தாற் பாதிக்கப்பட்டோருக்கு உதவியும் பாதுகாப்பும் கோரும் வழியை வகுத்துள்ளது. இவை சிறியனவல்ல. ஆயினும் 364ஆம் பிரிவின் நட்டஈடு குற்றத்தீர்ப்பைப் பின்தொடர்வது. குற்றவாளியின் பையிலிருந்து வரவேண்டியது. தவணைப் பணத்தில் வண்டி ஓட்டியவனின் பையில் என்ன இருக்கும்? நிறுவனமோ அவ்வழக்கிற் கட்சியே அன்று.

குடியியல் வழக்கு வேறு தன்மையது. அதில் அவளே வழக்காளி. நியாயமான ஐயத்துக்கு அப்பால் எண்பிக்கவேண்டுவதில்லை; நிகழ்ந்திருத்தலே கூடுதலாக நம்பத்தக்கது எனக் காட்டின் அமையும். இலங்கையின் தீங்கியல் உரோமன் டச்சுச் சட்டத்தின் வழிவந்தது. அதில் ஈண்டு வேண்டப்படும் வழக்குகள் இரண்டு. கவனயீனத்தால் விளைந்த பொருள் இழப்புக்கு அக்குவீலிய வழக்கு. ஒருவரின் உடல், மானம், நற்பெயர் ஆகியவற்றை வேண்டுமென்றே இழிவுசெய்தமைக்கு ஆக்சியோ இஞ்சூரியாரம். முன்னையதில் மருத்துவச் செலவும் இழந்த சம்பளமும் கணக்கிடப்படும். உடற்காயத்தின் வேதனைக்கும் இடமுண்டு. பின்னையதிலேயே மானக்கேடு தன் பெயராற் பேசப்படும். குழந்தையை இழந்த தந்தை ஒருவர் தொடுத்த மருத்துவக் கவனயீன வழக்கில், அக்குவீலிய வழக்கின் இவ்வெல்லையை நமது உயர் நீதிமன்றம் 2001இற் கண்டிப்பாகவே வரைந்தது.

இவ்வெல்லையே ஊர்தியில் துன்புற்ற பெண்ணுக்கு முட்டுக்கட்டையாகின்றது. நிறுவனம் ஓட்டுநரின் வரலாற்றை ஆராயாது சேர்த்தது என்பது கவனயீனம். அதற்கு நிறுவனம் செலுத்த வேண்டியது பெரும்பாலும் மருந்துச் சிட்டையும் சம்பளச் சிட்டையும் காட்டும் தொகையே. மானத்தை அழித்தமைக்குப் பொறுப்பு வேண்டுமென்றே செய்தவனுக்கு உரியது. அவனோ கொடுக்க வகையற்றவன். கொடுக்க வல்லவர் மானத்துக்குக் கடன்பட்டவரல்லர். மானத்துக்குக் கடன்பட்டவர் கொடுக்க வல்லவரல்லர். இவ்விடைவெளியைக் கடக்க உதவுவது ஏவலாளன் செயலுக்குத் தலைவன் விடையிறுக்கும் பொறுப்பு ஒன்றே. கண்ணகி ஆராயாமையைச் சொல்லியே வென்றாள். இன்றைய பெண்ணுக்கு அது மட்டும் போதாது.

வன்புணர்வை எந்தத் தலைவனும் பணிப்பதில்லை. ஆதலால் அது தொழிலின் எல்லைக்குப் புறம்பானது என்பதே பழைய சட்ட மரபு. அம்மரபை உடைத்த தீர்ப்புகளுள் இலங்கைக்கு மிக அண்மையானது, இதே உரோமன் டச்சுச் சட்டம் வழங்கும் தென்னாபிரிக்காவிற் பிறந்தது. 1999இல் விடியலுக்கு முன்னர் வீடு செல்ல வழியின்றி நின்ற இளம்பெண்ணுக்குச் சீருடையில் கடமையிலிருந்த பொலிஸார் மூவர் தம் வாகனத்தில் இடங்கொடுத்தனர். பின்னர் மூவரும் அவளை வன்புணர்ந்தனர். கீழ் நீதிமன்றங்கள் அரசைப் பொறுப்பிலிருந்து விடுவித்தன. அரசியலமைப்பு நீதிமன்றம் 2005இல் அதனை மாற்றியது. அவர்கள் தம் இச்சைக்கே செய்தனர் என்பதை நீதியரசர் கேற் ஓறீகன் மறுக்கவில்லை. ஆனால் அவள் அவ்வாகனத்தில் ஏறியது அவர்கள் பொலிஸார் என்னும் நம்பிக்கையால். தீங்கிழைத்த அதே கணத்தில், அவளைக் காக்கவேண்டிய கடமையையும் அவர்கள் கைவிட்டனர். தீங்குக்கும் தொழிலுக்கும் இடையே போதிய நெருக்கம் உண்டு எனவே அரசு விடையிறுத்தல் வேண்டும் என்றார். முழுக் கடமையிலன்றி அழைப்பை எதிர்நோக்கும் நிலையில் இருந்த பொலிஸ்காரன் 13 வயதுச் சிறுமியைத் தன் ஊர்தியில் ஏற்றிச் சென்று இழைத்த கொடுமைக்கும் அந்நீதிமன்றம் 2011இல் அரசையே பொறுப்பாக்கியது. விடுதிக் காப்பாளன் சிறுவர்க்கு இழைத்த பாலியற் கொடுமைக்கு அவனை அமர்த்தியோர் பொறுப்பு என இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை 2001இலேயே கூறியிருந்தது.

இரு ஊர்திகளிலும் இருந்தோர் பொலிஸார், வாடகை ஓட்டுநர் அல்லர் எனத் தடை கூறுவோர் உளர். அத்தடை வலியதே, அரசுக்குக் குடிகளைக் காக்கும் கடமை தனியாக உண்டு. ஆயின் தீர்ப்பின் உயிர்நிலை சீருடையன்று, சீருடை விளைத்த நம்பிக்கை. படமும் இலக்கமும் மதிப்பெண்ணும் காட்டி அந்நம்பிக்கையை விலைக்கு விற்கும் நிறுவனம் அத்தர்க்கத்துக்குப் புறம்பே நிற்றல் எங்ஙனம் என்பதைச் சட்டத்தரணிகள் கேட்டாக வேண்டும். தென்னாபிரிக்கத் தீர்ப்பு இலங்கை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் மூலம் ஒன்றாதலின் செவிகொடுக்கத் தக்கது. கவனயீனத்தால் நேரும் உயிரிழப்புக்கும் உடற்காயத்துக்கும் பொறுப்பில்லை என ஒப்பந்தத்தில் எழுதிவைத்தல் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டத்தால் தடுக்கப்பட்டிருத்தலும் மனங்கொளத்தக்கது.

தில்லியில் 2014 டிசம்பரில் நிகழ்ந்தது பலரும் அறிந்தது. ஊபர் ஓட்டுநர் 2015இல் ஆயுட்சிறை பெற்றார். அப்பெண் அத்தோடு அமையாது, 2015 சனவரியில் நிறுவனத்தின் தாயகமாகிய கலிபோர்னியாவிலேயே, ஓட்டுநரை உரிய முறையில் ஆராயவில்லை எனக் குடியியல் வழக்குத் தொடுத்தார். அவ்வாண்டே அது இணக்கத்தில் முடிந்தது. பின்னர், தன் மருத்துவ ஆவணங்களை நிறுவன அலுவலர் பெற்றுப் பார்த்தனர் என 2017இல் மீண்டும் வழக்கிட்டார், அதுவும் இணக்கமாயிற்று. அவர் சென்றது பொற்கொல்லனிடமன்று, அரண்மனை வாயிலுக்கே. அத்தகைய வழக்குகளைத் தனித்தனி நடுத்தீர்ப்புக்கு அனுப்பும் நிபந்தனையை ஊபர் 2018இற் கைவிட்டது. 2018இல் அமெரிக்கப் பயணங்களில் 3,045 பாலியல் தாக்குதல்கள் முறையிடப்பட்டதாக மறு ஆண்டு தானே அறிக்கையிட்டது. எனினும் வாயில் எளிதிற் றிறவாது. 2025இற் சான் பிரான்சிஸ்கோ யூரிமார் நிறுவனத்திடம் கவனயீனம் உண்டு, ஆனால் அது தீங்குக்குக் கணிசமான காரணமன்று என்று தீர்த்தனர். ஆராயாமையை மட்டும் பற்றி நிற்பதன் மெலிவு இங்கும் வெளிப்படுகின்றது.

வழக்குரையில் சான்று சிலம்பு. ஒன்று கண்ணகியின் கையில், மற்றொன்று அரசனிடத்தில். அரசன் தன்னிடமிருந்ததைத் தானே கொணர்வித்தான். இன்றைய சிலம்பு பயணப் பதிவு: ஏறிய நேரம், ஊர்தி விலகிய பாதை, நின்ற இடம், அவ்வோட்டுநர்மீது முன்னர் வந்த முறைப்பாடு. பெண்ணின் கைபேசியில் இருப்பது ஒரு பற்றுச்சீட்டின் அளவே. ஏனைய யாவும் எதிராளியிடம். எதிராளியின் ஆவணங்களை வெளிப்படுத்தக் கோரும் வழி குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையில் உண்டு. அப்பதிவுகளை அழியாது பேணுமாறு முதல் நாட்களிலேயே எழுத்தில் அறிவித்தல் அறிவுடைமை.

இத்துணையும் வழக்குரையைத் துணைக்கொண்ட பின்னர், அதன் குறையையும் கூறாதுவிடல் திறனாய்வாகாது. கண்ணகி வழக்குரைப்பது கணவன் உயிருக்காக. அவள் சொல்லுக்கு வலுத் தருவது கற்பு. தன் உடலுக்கு நேர்ந்த தீங்கைத் தானே முறையிடும் பெண்ணுக்கு அந்த அவையில் இடம் வகுக்கப்படவில்லை. கண்ணகிக்குப் படைக்கலமாகிய கற்பு இவளுக்கு எதிரான கேள்வியாகத் திரும்பிவிடும். சட்டமும் இதில் நெடுங்காலம் காவியத்தைவிட மேம்பட்டதாக இருக்கவில்லை. கன்னிமை இழப்புக்கு விலை மதிக்கும் வழக்கொன்று உரோமன் டச்சுச் சட்டத்தில் இருந்தது. இன்று அவ்விடத்தில் வைக்கவேண்டியது ஆள் ஒவ்வொருவர்க்கும் உரிய மாண்பு. மணமானவள், ஆகாதவள், நள்ளிரவிற் பயணித்தவள் என்னும் பாகுபாடு மாண்புக்கு இல்லை.

பெயரும் ஒரு தடை. வாயிலில் நின்ற கண்ணகி தன்னை இன்னாள் என அறிவிக்கத் தயங்கவில்லை. தில்லிப் பெண் அமெரிக்க வழக்கிற் புனைபெயரிலேயே நின்றார். தென்னாபிரிக்கத் தீர்ப்பு ஓரெழுத்தாலேயே அறியப்படுகின்றது. இலங்கையிலோ, பாலியற் குற்றத்துக்கு ஆளானோரின் அடையாளத்தை வெளியிடுதலைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365இ பிரிவு குற்றமாக்கியுள்ளபோதும், குடியியல் முறைப்பாட்டுப் பத்திரம் வழக்காளியின் பெயரோடும் வதிவிடத்தோடுமே தொடங்கும். பெயரை மறைத்து நடத்துமாறு தொடக்கத்திலேயே நீதிமன்றத்தை வேண்டுதல் சட்டத்தரணியின் முதற் பணி.

இடமும் காலமும் இன்னும் இறுக்கமானவை. எதிராளி வதியும் இடம், வழக்கின் காரணம் எழுந்த இடம், ஒப்பந்தம் செய்யப்பட்ட இடம் ஆகியவற்றைப் பற்றியே நீதிமன்றத்தின் நியாயாதிக்கம் அமையும். கொழும்பில் நிகழ்ந்ததற்கு அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ வழக்கிடுதல் அரிது. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு, வசதியற்றோர்க்குப் பெரும் துணை. காலமோ, 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, தீங்கு நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள். குற்றவியல் வழக்கு முடியட்டும் எனக் காத்திருப்போர்க்காக அக்கடிகாரம் நிற்பதில்லை.

கண்ணகி சடங்கின் நிறைவு குளிர்த்தி. வழக்குரைத்து, தீர்ப்பும் பெற்று, மதுரையும் எரிந்தபின்னரே சினந்தவளைக் குளிர்விப்பர். ஊர் வாழ்க்கையில் இவ்வொழுங்கு தலைகீழாகின்றது. முறையிட வாய் திறக்குமுன்னரே பெரியோர் கூடுவர். வண்டிக்காரனின் உறவினர் வருவர். தங்கையின் கலியாணம் நினைவூட்டப்படும். தமிழ் ஊரிலும் முஸ்லிம் ஊரிலும் இதற்கு வேறுபாடில்லை. வழக்குக்கு முன் நிகழ்த்தப்படும் அக்குளிர்த்தியிலேயே அவ்விரண்டு ஆண்டுகளும் கழிந்துவிடுகின்றன.