கச்சான் கோதுடைக்கும் நேரம்

ஆடி பிறந்துவிட்டால் தண்டலத்தில் ஞாயிற்றுக்கிழமைகள் அம்மனுக்குச் சொந்தம். கோயில் வாசலில் அண்டா அண்டாவாகக் கூழ் கொதிக்கும். கேழ்வரகு மாவும் நொய்யும் சேர்ந்த அந்தப் புளித்த வாசனைக்கே தெரு முழுக்கத் தூக்குவாளியோடு வந்து நிற்கும். ஆனால் ஏழு வயதுப் பையனுக்குக் கூழா முக்கியம்? திடலில் ராட்டினக்காரர் குழி தோண்டத் தொடங்கிவிட்டாரா என்று பார்த்து வருவதுதான் அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை.

நான்கு மரப்பெட்டி வைத்த ராட்டினம் அது. கையால்தான் தள்ளுவார்கள். உச்சிக்குப் போனால் செம்பரம்பாக்கம் ஏரி ஒரு வெள்ளிக் கோடாகத் தெரியும். இறங்கினால் ஜவ்வு மிட்டாய்க்காரர். மூங்கில் கழியின் உச்சியில் கைதட்டும் பொம்மை. அதற்குக் கீழே ரோஜா நிறத்தில் சுற்றிய மிட்டாய்ப் பாகு. அவர் அதில் கொஞ்சம் இழுத்து, திருகி, நெளித்து, என் மணிக்கட்டில் கடிகாரமாகக் கட்டிவிட்டு, மிச்சத்தைக் கன்னத்தில் ஒட்டுவார். அந்தக் கடிகாரத்தைத் தின்ன மனம் வராமல் எறும்பு வரும்வரை கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

இரவில் கூத்து. எங்கள் தொண்டை மண்டலத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, கடைசி நாள் துரியோதனன் படுகளம், அன்று மாலை தீமிதி. பக்கத்து ஊர்க் கூத்துக்கு அப்பா கோரைப்பாயைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு முன்னே நடப்பார். பாதிக் கதையிலேயே அவர் மடியில் தூங்கிவிடுவேன். கண் விழித்துப் பார்த்தால் விடிந்திருக்கும். மண்ணால் செய்த துரியோதனன் திடலை அடைத்துக்கொண்டு மல்லாந்து கிடப்பான்.

பிறகு எங்கள் பக்கம் மாறியது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை திறந்தது. வயல் கம்பெனியானது, ஊர் வாடகை வீடுகளால் நிறைந்தது. எனக்கும் அதில்தான் சோறு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் மகளைத் திருவிழாவுக்கு அழைத்துப் போகும் முறை வந்தபோது, காலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் வந்துவிடுமே என்பதுதான் மனதில் ஓடும். காற்றடைத்த சறுக்கில் ஐந்து நிமிடம், ஒரு டெல்லி அப்பளம், சாமிக்கு ஒரு கும்பிடு, முக்கால் மணி நேரத்தில் வீடு. திரும்பும் வழியெல்லாம் அவள் அழுவாள். திருவிழா முன்போல் இல்லை என்று நான் சொல்லிக்கொள்வேன்.

என் மனைவி யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். 1995 அக்டோபர் 30ஆம் தேதி போரால் வலிகாமம் பகுதி மக்கள் இரவோடிரவாக வீடுகளை விட்டு வெளியேறியபோது அவளுக்கு ஏழு வயது. மண்டபம் முகாம் வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தாள். யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழா அவளுக்கு அந்த ஏழு வயதோடு நின்றுபோனது. அவளுடைய அம்மா, என் மாமி, போர் முடிந்தபின் ஊருக்குத் திரும்பிவிட்டார். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம் 2022 டிசம்பரில் மீண்டும் பறக்கத் தொடங்கியது. 2024 ஆகஸ்ட்டில் ஆறு வயது மகளோடு நாங்களும் அதில் போனோம்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா இருபத்தைந்து நாள். ஆடி அமாவாசைக்குப் பிறகு கொடியேறி, ஆவணி அமாவாசையில் தீர்த்தத்தோடு நிறைவுபெறும். இருபத்துநான்காம் நாள் தேர். எங்கள் ஆடித் திருவிழா ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். அங்கே இன்று கிடைக்காதது நாளை கிடைக்கும் என்று பிள்ளைகளுக்கே தெரியும். பூசை நேரம் நிமிடம் பிசகுவதில்லை. எங்கள் ஊரில் சாமி புறப்பாடு நள்ளிரவோ விடியலோ, அம்மன் மனம் வைத்தபோது. அர்ச்சனைச் சீட்டு அங்கே ஒரு ரூபாய். 1734இல் கோயிலை மறுபடி எழுப்பிய மாப்பாண முதலியார் வழியினரே இன்றும் அதை நிர்வகிக்கிறார்கள். எங்களுடையது தலைக்கட்டு வரி வசூலித்து ஊரே கூடிச் செய்வது. அதில் உரிமையும் உண்டு, சண்டையும் உண்டு. பாரதமும் எங்களுக்கு மட்டும் உரியதில்லை. இலங்கையில் உடப்பிலும் பாண்டிருப்பிலும் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி நடக்கிறது.

நல்லூரில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கூட்டத்தில் என் சட்டை நுனியைப் பிடித்தே பழகிய மகள், அன்று பிடிக்க எதுவும் இல்லாமல் வேட்டி முனையை இரண்டு சுற்றுச் சுற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டாள். மனைவி அவள் முன்னங்கையில் எங்கள் தொலைபேசி எண்ணைப் பேனாவால் எழுதி, "பிள்ளை, அப்பான்ரை பக்கத்திலையே நில்" என்றாள். சிறுவனாக இருந்தபோது கூட்டம் எனக்குக் கடல். இப்போது அதில் ஒரு தலையை மட்டும் தேடித் தேடிக் கண் வலிக்கிறது.

வெளியே வந்ததும் மகள் தும்பு முட்டாசு கேட்டாள். நம் பஞ்சு மிட்டாய்க்கு அங்கே அந்தப் பெயர். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான், துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் கலந்திருப்பதைக் கண்டு தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாய் விற்பனையைத் தடைசெய்திருந்தது. நாக்கு சிவக்கச் சிவக்கத் தின்று வளர்ந்தவன் நான். பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கக் கை வரவில்லை. அதற்குப் பதிலாகக் கச்சான் ஆச்சியிடம் கோதோடு வறுத்த கச்சான் ஒரு சரை வாங்கினேன். கச்சான் நம் வேர்க்கடலை, சரை காகிதச் சுருள். அதைக் கையில் கொடுத்துவிட்டு, பழக்கப்படி வீட்டுக்குக் கிளம்பினேன்.

மாமி வெளிவீதி மணலில் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "தம்பி, இருங்கோ. கச்சானை வாங்கிக்கொண்டு ஆரும் நடப்பினமோ?"

உட்கார்ந்தேன். அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். மணல் முழுக்கக் குடும்பங்கள். நடுவில் ஒரு சரை, அதைச் சுற்றி நாலைந்து கைகள். கனடாவிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள், கிளிநொச்சியிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். கச்சான் அவசரத்துக்கு உடன்படாது. ஒவ்வொன்றாக எடுத்து, நுனியை நெரித்து, தோலை ஊதி, பிள்ளையின் உள்ளங்கையில் வைக்க வேண்டும். ஒரு சரை முடிய ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தில் என் மகள் மணலில் கோபுரம் கட்டினாள், அம்மம்மாக் குழல் என்ற ஊதுகுழலை ஊதினாள், முன்பின் தெரியாத ஒரு சிறுமியோடு சண்டை போட்டுச் சமாதானமும் ஆனாள். முப்பது ஆண்டாக நின்றுபோயிருந்த ஒரு கதையை மனைவி தன் அம்மாவிடம் சொல்ல ஆரம்பித்தாள். நல்லூரிலும் விளையாட்டுப் பொருள்கள் உண்டு, கடைகள் உண்டு. ஆனால் என் மகளை அங்கே அழாமல் வைத்தது, பெரியவர்கள் யாரும் எழுந்திருக்க அவசரப்படாததுதான்.

அப்பாவின் கோரைப்பாய் நினைவுக்கு வந்தது. கூத்துத் திடலில் எனக்குக் கிடைத்ததும் இதுதான்: இரவு முழுக்க எங்கும் போகாத ஓர் அப்பா. ராட்டினம்தான் திருவிழா என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். என் மகளுக்கு நான் வாங்கிக் கொடுத்ததெல்லாம் ராட்டினம். கொடுக்க மறந்தது பாய்.

இதில் ஊருக்கும் ஒரு வேலை இருக்கிறது. நல்லூர் தன் வெளிவீதியை மணலாகவே வைத்திருக்கிறது. திருவிழா நாள்களில் சுற்றுச் சாலைகளில் வாகனம் கிடையாது. நமக்கு மிஞ்சியிருக்கும் கோயில் திடலையாவது வேலி, ஷெட், பார்க்கிங் என்று துண்டுபோடாமல் காக்க வேண்டும். உட்கார இடமில்லாத ஊரில் பிள்ளைக்கு எத்தனை ராட்டினம் வைத்தும் போதாது.

போன ஆடியில் திங்கட்கிழமைக்கு முன்கூட்டியே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பாயோடு போனேன். வேர்க்கடலையை வீட்டிலேயே மணலில் போட்டுக் கோதோடு வறுத்து எடுத்துப்போயிருந்தோம். லைன் வீட்டில் குடியிருக்கும் ஒடிசாத் தொழிலாளி ஒருவரின் பையன் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மகள் நகர்ந்து இடம் விட்டாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. கடலை மட்டும் கை மாறியது. ராட்டினத்தின் விளக்கு அணைந்த பிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை. மகள் என் மடியில் தூங்கிவிட்டாள். நான் மிச்சக் கடலையை உடைத்துக்கொண்டிருந்தேன்.