எள்ளலும் நகையும்: தனிநபர் மேடை நகைச்சுவையில் பெண்

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன்னர்க் கோலாலம்பூரில் தமிழர் விருந்து நிகழ்ச்சியொன்றில் கலந்துகொண்டோம். உணவு பரிமாறப்படும் இடைவெளியை நிரப்ப, நிகழ்ச்சி நெறியாளர் மனைவியரைப் பற்றிய துணுக்குகளைத் தொடர்ந்து கூறினார். மனைவியின் சமையல், மனைவியின் நாக்கு, மனைவியின் உடல் எடை, மாமியாரின் வருகை என அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மண்டபம் சிரித்தது. ஆயினும் அச்சிரிப்பில் ஒரு சிறு கால வேறுபாடு இருந்ததை நாம் கவனித்தோம். ஆடவரின் சிரிப்பு உடனே வெடித்தது. பெண்டிரின் சிரிப்போ ஒரு கணம் பிந்தி வந்தது. அவர்களுட் சிலர் முதலில் தம் கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிறகே சிரித்தனர்.

அந்த ஒரு கணம் எதைக் குறிக்கின்றது என்னும் வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய் ஆகும். பெண்ணை இழித்துரைக்கும் நகைச்சுவை சமூகத்திற்குத் தீங்கு செய்கிறதா என்பது பெரும்பாலும் சொல்பவரின் நோக்கத்தை வைத்தே வாதிடப்படுகிறது. 'விளையாட்டாகச் சொன்னேன்' என்பார் ஒருவர். 'புண்படுத்தவே சொன்னீர்' என்பார் மற்றொருவர். நாம் இங்குச் சொல்பவரை விடுத்துச் சிரிப்பவரை நோக்க விழைகின்றோம். 'ஸ்டேண்ட்-அப் காமெடி' என வழங்கப்படும் தனிநபர் மேடை நகைச்சுவையின் வரலாற்றிலிருந்து சில சான்றுகளையும், ஹன்னா காட்ஸ்பியின் 'நனெட்' என்னும் நிகழ்ச்சியையும் எடுத்துக்கொண்டு, தமிழ் மரபின் நகைக் கோட்பாட்டின் துணையோடு இவ்வாய்வை மேற்கொள்கின்றோம்.

நகையின் இரு முகங்கள்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை தோன்றும் களன்கள் நான்கு என வகுத்து, அவற்றுள் எள்ளலை முதலாவதாக வைக்கின்றார். இதற்கு உரைகண்ட பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பகுக்கின்றார். தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தானும் சிரிப்பது மற்றொன்று. இரண்டாவது வகையை ஓர் உரையாசிரியர் தனியே எடுத்துக் கூறியிருப்பது நுட்பமானது. எள்ளப்பட்டவர் அழலாம், வெகுளலாம், அகன்று போகலாம். ஆனால் சிரிக்கவும் செய்வார் என்பதை நம் மரபு அறிந்திருந்தது.

மேலைநாட்டுச் சிந்தனையில், 1905-இல் வெளிவந்த நகைச்சுவை பற்றிய நூலில் சிக்மண்ட் பிராய்டு, உள்நோக்கம் கொண்ட நகைத்துணுக்குக்கு மூவர் வேண்டும் என்றார். சொல்பவர் முதலாமவர். எள்ளலுக்கு இலக்காகுபவர் இரண்டாமவர். கேட்டுச் சிரித்துச் சொல்பவருக்குத் துணையாகுபவர் மூன்றாமவர். பாலியல் துணுக்குகளில் இரண்டாமவர் பெண். முதலாமவரும் மூன்றாமவரும் ஆண்கள். இவ்வமைப்பில் பெண் பேசப்படும் பொருளே தவிர, கேட்கும் ஆள் அல்லள்.

பிராய்டின் முக்கோணம் ஆடவர் மட்டும் கூடும் இடத்திற்குப் பொருந்தும். இன்றைய அரங்குகளில் பெண்களும் நுழைவுச்சீட்டு வாங்கி அமர்கின்றனர். இரண்டாமவரே மூன்றாமவரின் இருக்கையிலும் இருக்கும் நிலை இது. தன்னை எள்ளும் சொல்லுக்குத் தானே துணையாகச் சிரிக்க வேண்டிய அவளுக்குப் பிராய்டின் முக்கோணத்தில் இடமில்லை. பேராசிரியரின் உரையில் இடம் உண்டு. விருந்து மண்டபத்தில் நாம் கண்ட பிந்திய சிரிப்பு இந்த இரண்டாம் நகையே எனலாம்.

மேடையின் வரலாறு தரும் சான்றுகள்

தனிநபர் மேடை நகைச்சுவை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வளர்ந்த காலத்தில் மனைவியும் மாமியாரும் அதன் நிலையான இலக்குகளாக இருந்தனர். இங்கிலாந்தின் தொழிலாளர் மன்றங்களில் மாமியார் துணுக்கு ஒரு தனி வகையாகவே வழங்கியது. 1979-இல் இலண்டனில் 'காமெடி ஸ்டோர்' அரங்கு திறக்கப்பட்டதையொட்டி எழுந்த மாற்று நகைச்சுவை இயக்கத்தினர், இனத்தையும் பெண்ணையும் இழிவுசெய்யாமல் சிரிக்கவைப்பதைத் தம் நெறியாகக் கொண்டனர். சட்டமோ தணிக்கையோ அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பழைய துணுக்குகள் சலித்துவிட்டன என்னும் கலைஞர்களின் தீர்ப்பே இம்மாற்றத்தைக் கொணர்ந்தது என்பது கருதத்தக்கது.

அமெரிக்காவிலோ எதிர்த்திசையிலான போக்கும் வலுப்பெற்றது. பெண்களைக் கொச்சையாக இழித்துரைத்த ஆன்ட்ரூ டைஸ் கிளே 1990-இல் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கை நிரப்பினார். அதே ஆண்டு மே மாதம் அவர் 'சாட்டர்டே நைட் லைவ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியை வழிநடத்த அழைக்கப்பட்டபோது, அந்நிகழ்ச்சியின் நடிகையான நோரா டன் தாம் அவருடன் தோன்ற மாட்டேன் என விலகி நின்றார். இரண்டாம் நகையைச் சிரிக்க மறுத்தமைக்கு இஃது ஒரு வெளிப்படையான சான்றாகும்.

மேடையேறிய பெண்கள் செய்தது என்ன என்பதும் ஆராய்தற்குரியது. ஐந்து குழந்தைகளின் தாயான பிலிஸ் டில்லர் 1955-இல், தம் முப்பத்தேழாம் வயதில், சான் பிரான்சிஸ்கோவில் மேடையேறினார். கலைந்த முடி, உடலின் வடிவம் தெரியாத உடை, தம் அழகின்மை பற்றிய இடையறாத துணுக்குகள் ஆகியவை அவருடைய கருவிகள். பெண்ணொருத்தி பிறரைச் சிரிக்கவைக்க வேண்டுமாயின் முதலில் தன்னையே எள்ளலுக்குக் கொடுக்க வேண்டும் என்னும் அக்கால விதியை அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் அவ்வுடன்படிக்கைக்குள் நின்றே, 'ஃபேங்' என்னும் கற்பனைக் கணவனைப் படைத்து, மனைவித் துணுக்கை அதே அச்சில் கணவன்மீது திருப்பினார்.

அவருக்கும் முற்பட்டவரான மாம்ஸ் மேப்லி என்னும் கறுப்பினக் கலைஞர் இன்னும் ஒருபடி மேலே சென்றார். தொளதொளத்த வீட்டுடையும் தொங்கும் தொப்பியும் அணிந்த கிழவியாக மேடையில் நின்று, கிழட்டு ஆடவரை நகையாடினார், இனவெறியையும் சாடினார். கிழவி என்ன சொன்னாலும் யார் கோபிப்பார்? எள்ளப்படும் உருவத்தையே கேடயமாக்கிய உத்தி இது. தன்னைத்தானே எள்ளுதல் எப்போதும் அடிமைத்தனமன்று என்பதற்கு மேப்லி சான்றாகின்றார். இக்கருத்து பின்னர் 'நனெட்'டை மதிப்பிட நமக்குப் பயன்படும்.

சிரிப்பு சமூகத்தில் செய்யும் வேலை

ஒரு துணுக்கைக் கேட்ட மாத்திரத்தில் நல்லவர் தீயவராக மாறிவிடுவதில்லை. இதை நாம் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வாறாயின் பாதிப்பு எங்கே நிகழ்கிறது?

உளவியலாளர் தாமஸ் ஃபோர்டும் அவர்தம் குழுவினரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகின்றது. ஒரு சோதனையில் ஆடவர்க்குப் பெண்ணை இழித்துரைக்கும் துணுக்குகள் தரப்பட்டன. வேறு சிலர்க்கு அதே இழிவு நகைச்சுவையின்றி வெறும் கூற்றாகத் தரப்பட்டது. பின்னர்ப் பெண்கள் அமைப்பொன்றிற்கு எவ்வளவு நன்கொடை தர விரும்புகின்றனர் எனக் கேட்கப்பட்டது. மற்றொரு சோதனையில் நகைச்சுவைக் காட்சிகளைக் காட்டி, மாணவர் அமைப்புகளின் நிதியைக் குறைக்கும் பொறுப்பு அவர்களிடம் விடப்பட்டது. பெண்கள்மீது முன்னரே பகையுணர்வு மிக்கிருந்த ஆடவர், இழிவு நகைச்சுவையைச் சுவைத்த பின்னர்க் குறைவாகவே கொடுக்க முன்வந்தனர். பெண்கள் அமைப்பின் நிதியைக் கூடுதலாக வெட்டினர். வெறும் இழிசொல்லுக்கு அவ்விளைவு இல்லை.

இதனால் பெறப்படுவது யாது? இழிசொல் இழிசொல்லாகவே வரும்போது கேட்பவர் விழித்துக்கொள்கின்றார். அது நகையாக வரும்போது காவல் தளர்கின்றது. 'இங்கு இப்படி நினைக்கலாம், யாரும் தவறாகக் கொள்ளார்' என்னும் இசைவு பிறக்கின்றது. நகைச்சுவை புதிய வெறுப்பை விதைப்பதைவிட, உள்ளே கிடக்கும் வெறுப்புக்குப் பூட்டைத் திறந்துவிடுகின்றது. அந்த இசைவை அளிப்பது மேடையில் நிற்பவரின் சொல் மட்டுமன்று; சூழ அமர்ந்திருப்போரின் சிரிப்பும்தான். எள்ளப்பட்ட பெண்ணின் சிரிப்பு இங்கே தனி மதிப்புப் பெறுகின்றது. 'அவர்களே சிரிக்கிறார்களே' என்னும் வாதத்திற்கு அவளே சாட்சியாக்கப்படுகின்றாள்.

'நனெட்': முடிக்கப்படாத கதை

ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் பிறந்த ஹன்னா காட்ஸ்பியின் 'நனெட்' 2017-இல் எடின்பரோ நகைச்சுவை விருதைப் பகிர்ந்துகொண்டது. சிட்னி ஓப்ரா மாளிகையில் பதிவான வடிவம் 2018-இல் நெட்ஃபிளிக்ஸ் வழி உலகெங்கும் சென்றது. தன்பாலீர்ப்பு 1997 வரை குற்றமாக இருந்த மண்ணில் வளர்ந்தவர் காட்ஸ்பி. தம்மைத்தாமே எள்ளும் துணுக்குகளால் புகழ்பெற்ற அவர், இந்நிகழ்ச்சியில் அத்தொழிலையே கைவிடப்போவதாக அறிவிக்கின்றார். விளிம்பில் நிற்பவர் தம்மை எள்ளுவது பணிவன்று, அவமானம் என்பது அவர்தம் வாதம்.

இந்நிகழ்ச்சியின் ஆற்றல் அதன் கட்டமைப்பில் உள்ளது. தொடக்கத்தில் ஒரு பேருந்து நிறுத்தச் சம்பவம் துணுக்காகச் சொல்லப்படுகின்றது. தம்மை ஆண் என எண்ணித் தன் காதலியிடம் வம்பு செய்வதாகச் சினந்த இளைஞன், பெண் என அறிந்ததும் பின்வாங்குகின்றான். அரங்கம் சிரிக்கின்றது. நிகழ்ச்சியின் பிற்பகுதியில் அதே சம்பவம் மீண்டும் வருகின்றது. இம்முறை அதற்கு முடிவு உண்டு. அவ்விளைஞன் திரும்பி வந்து அவரை அடித்தான். தடுப்பார் எவரும் இலர். தமக்கு இது தகும் என்றே எண்ணியமையால் அவர் காவல் நிலையத்திற்கும் செல்லவில்லை, மருத்துவமனைக்கும் செல்லவில்லை.

துணுக்குக்கு இரண்டு உறுப்புகளே வேண்டும். பதற்றத்தை ஏற்றுதல் ஒன்று, இறக்குதல் மற்றொன்று. கதைக்கோ மூன்றாவதாக ஒரு முடிவு வேண்டும் எனக் காட்ஸ்பி விளக்குகின்றார். சிரிப்பு வரும் இடத்தில் கதையை வெட்டியதால், அடிபட்ட உண்மை வெட்டுண்ட பகுதியில் தங்கிவிட்டது. நாம் இரண்டாம் நகை எனக் குறித்ததன் விலை இதுவே. எள்ளப்பட்டவர் சிரிக்கும்போது அவர்தம் கதை பாதியில் நின்றுவிடுகின்றது.

இந்நிகழ்ச்சியின் பிற்பகுதி நகைச்சுவையே அன்று, சொற்பொழிவு எனக் குறைகூறியோர் உளர். அக்குறையை நாம் முற்றாக மறுக்கவில்லை. அப்பகுதியில் சிரிப்பு ஏறத்தாழ இல்லை. எனினும் அரங்கினரின் பதற்றத்தை வேண்டுமென்றே இறக்காமல் விட்டதே அதன் கலை என்பது எம் கருத்து. எமது வேறுபாடு மற்றோரிடத்தில் உள்ளது. தன்னை எள்ளுதல் அனைத்தும் அவமானமே எனப் பொதுமைப்படுத்துவது மாம்ஸ் மேப்லி போன்றோரின் சாதனைக்கு இடமளிக்கவில்லை. அவமானமா, ஆயுதமா என்பதை முடிவு செய்வது எள்ளல் எங்கே போய் முடிகின்றது என்பதே.

தமிழ் மேடை

தமிழில் தனிநபர் நகைச்சுவை பட்டிமன்றத்திலும் பல்குரல் நிகழ்ச்சிகளிலும் வேர்விட்டு, 2005-இல் தொடங்கிய விஜய் தொலைக்காட்சியின் 'கலக்கப்போவது யாரு' போன்ற போட்டிகளால் பரவியது. பட்டிமன்ற மேடையில் 'குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா' என்னும் தலைப்பு வரும்போதெல்லாம், வாதம் எவ்வாறு போயினும் கைத்தட்டல் மனைவித் துணுக்குக்கே கிடைப்பதை நாம் அறிவோம். தொலைக்காட்சிப் போட்டிகளிலோ ஆடவர் பெண்வேடமிட்டு, பெண்ணின் நடையையும் குரலையும் மிகைப்படுத்துவது வழக்கமாயிற்று. பெண் பேசப்படுகின்றாள், பேசுபவள் அவளல்லள்.

மனைவி கணவனை அடிக்கும் காட்சிகளை எதிர்வாதமாகக் காட்டுவோர் உளர். வடிவேலுவும் கோவை சரளாவும் இணைந்த காட்சிகள் இவ்வகையில் புகழ்பெற்றவை. கோவை சரளாவின் நடிப்பாற்றலில் ஐயமில்லை. ஆனால் அடிவாங்கும் கணவன் ஏன் நகைக்கு உரியவனாகின்றான்? அடிப்பது கணவனின் உரிமை என்னும் எண்ணம் பார்வையாளரிடம் இருப்பதால்தான் அதன் தலைகீழ் வடிவம் சிரிப்பைத் தருகின்றது. முறை கவிழவில்லை, கவிழ்ந்ததுபோல் காட்டப்படுகின்றது.

நம்மிடம் வேறு வழியும் இருந்தது. என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் இணைந்து நடித்த காட்சிகளில் மதுரம் வெறும் இலக்காக நிற்பதில்லை. அவர் மறுமொழி தருகின்றார். கிருஷ்ணனின் மேதாவித்தனமும் அங்கே உடைபடுகின்றது. நகை இருவருக்கிடையே போய்வருகின்றது. சிரிப்பு குறையாமலே பெண்ணுக்கு நாவு இருக்க முடியும் என்பதற்கு இவ்விணை தமிழிலேயே கிடைக்கும் சான்றாகும்.

முடிவுரை

தடைசெய்வதே தீர்வாகுமா? அவ்வாறு நாம் கருதவில்லை. 2022-இல் கோலாலம்பூரில் ஒரு பெண்ணின் மேடை நிகழ்வு எழுப்பிய சர்ச்சையைத் தொடர்ந்து நகைச்சுவை அரங்கொன்று தன் உரிமத்தையே இழந்தது. மேடையைத் தண்டிக்கும் அதிகாரம் பெண்ணை இழித்துரைப்பவர்மீது மட்டும் பாயும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. மேடை மூடப்படின், மறுமொழி சொல்ல விழையும் பெண்ணுக்கும் இடமில்லாமற் போகும்.

விளையாட்டிலும் இகழ்ச்சி துன்பமே தரும் என வள்ளுவர் பண்புடைமை அதிகாரத்தில் உணர்த்தியுள்ளார். இகழ்ந்தவர் எவ்வாறு எண்ணிச் சொன்னார் என்பதை அவர் அங்கே அளவுகோலாக வைக்கவில்லை. இகழ்ச்சி இகழப்பட்டவர்க்கு என்ன செய்கின்றது என்பதையே நோக்கினார். நம் அளவுகோலும் அதுவாகவே அமைதல் வேண்டும்.

இக்கட்டுரைப் பொருளை வகுப்பில் கலந்துரையாடியபோது மாணவியொருவர் கூறியது எம் நினைவில் நிற்கின்றது. விருந்துகளில் இத்தகைய துணுக்குகளுக்கு ஏன் சிரிக்கின்றீர் என வினவினோம். 'சிரிக்காவிட்டால் அடுத்த துணுக்கு என்னைப் பற்றியதாக இருக்கும்' என்றார் அவர். வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை. பிந்தி வந்த அச்சிரிப்பின் பொருளை எமக்கு முழுமையாக விளக்கியது அவ்விடையே. அதை அச்சத்தின் ஒலியாகக் கேட்கப் பழகிய அவைக்கு, மேடையில் நிற்பவரும் வேறு துணுக்கைத் தேட வேண்டியிருக்கும்.